வாசல் கிழக்கே பார்த்த கூடாரம்

வீடு இல்லாதவன் வேறு வழியில்லாமல் கூடாரத்தில் இருக்கிறான். மூன்று வீடு உள்ளவன் ஆசைப்பட்டுக் கூடாரத்தில் போய் இருக்கிறான். இந்த இரண்டாவது ஆளுக்கு முளை அடித்து, கயிறு கட்டி, கம்பளம் விரித்து, தலையணைக்கு உறை போட்டுக் கொடுப்பதுதான் தொண்ணூறுகளின் நடுவில் நாலு வருசம் நான் பார்த்த தொழில். இத்தாலியின் பலேர்மோ நகரில் மாடிப்படி துடைத்தவர்களும், சிஞ்ஞோரா அம்மாக்களின் நாய்களைத் தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போனவர்களும், கிழவர்களைக் குளிப்பாட்டி விட்டவர்களும் இதை வாசிப்பார்கள் என்று நம்பி எழுதுகிறேன். உங்களுக்கு விளக்கம் தேவையில்லை. சிரித்தாலும் எனக்குத் தெரியாமல் சிரிப்பீர்கள்.

வேலைக்கு எடுத்த கதை

எங்கள் முதலாளியம்மா சிஞ்ஞோரா லூக்ரேசியா, வசதியான இத்தாலியர்களைப் பலேர்மோத் துறைமுகத்திலிருந்து கப்பலில் துனிஸுக்குக் கூட்டிப்போய், அங்கிருந்து தெற்கே சகாரா மணலில் நாலைந்து நாள் கூடாரத்தில் வைத்திருந்து திருப்பிக் கொண்டுவருவார். கூடாரம் என்றால் சும்மா இல்லை. உள்ளே பித்தளைக் கட்டில், கண்ணாடி, வெள்ளிக் கரண்டி, கால் கழுவச் சுடுதண்ணீர். அங்கே சமையல் பார்த்த மன்னார் பெனடிக்ற் அண்ணைதான் ஆள் தேவை என்று என்னைக் கொண்டுபோய் நிறுத்தினார். அப்போது நான் பொலித்தேயாமா நாடக அரங்குக்குப் பின்னால் ஒரு மாளிகையில் மாடிப்படி துடைத்துக்கொண்டிருந்தேன், பயணமில்லாத நாட்களில் பிறகும் துடைத்தேன். கலியாணம் முடித்து நாலு மாதத்தில் வெளிக்கிட்டு வந்தவன். மனைவி வசந்தி யாழ்ப்பாணத்தில். அவளைக் கூப்பிடுவதென்றால் ஒழுங்கான வேலை ஒப்பந்தமும் இருக்கத்தக்க வீடும் காட்டவேண்டும் என்று குவெஸ்தூராப் பொலிஸ் அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். சிஞ்ஞோராவிடம் இரண்டும் இருந்தன. ஒப்பந்தம் எழுதித் தருவார். போர்கோ வெக்கியோவில் கூடாரச் சாமான்கள் வைத்திருக்கும் களஞ்சியத்துக்கு மேலே பூட்டிக் கிடந்த இரண்டு அறைகளும், நான் ஒழுங்காக வேலை செய்தால் எனக்குத்தான் என்றார்.

கூடாரம் அடிக்கத் தெரியுமா என்று கேட்டார். ஊரில் நான் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞர். அக்காவின் கலியாணத்துக்குப் பந்தல் போட்டபோது ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றதுதான் என் அனுபவம். தெரியும் என்று தலையாட்டினேன். ஆதாரம் கேட்பார் என்று பயந்தால், அவர் தானே ஒரு ஆதாரத்தைக் கண்டுபிடித்துக்கொண்டார்: "உங்கள் நாட்டிலும் வெயில் அடிக்கிறதுதானே? அப்படியென்றால் பாலைவனம் உனக்குப் பழக்கம்."

எட்டு வாசல்

முதல் பயணம். வாசலை நல்ல இடமாகப் பார்த்து வை என்று சொல்லிவிட்டு சிஞ்ஞோரா விருந்தினரைக் கூட்டிவரப் போய்விட்டார். நல்ல இடம் என்றால் எது? நாங்கள் தெற்கு வாசல் வைக்கமாட்டோம். கிழக்கு வாசல் உத்தமம். வடக்கே தலை வைத்துப் படுக்கக்கூடாது. எட்டுக் கூடாரத்துக்கும் வாசலைக் கிழக்கே திருப்பி, கட்டில்களைத் தெற்கே தலைமாடாகப் போட்டேன். பெனடிக்ற் அண்ணையிடம் பெருமையாகக் காட்டவும் செய்தேன். அவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார், நிமிர்ந்து பார்க்கவில்லை.

விருந்தினர்கள் அத்தனை தூரம் வந்தது மணலில் சூரியன் இறங்குவதைக் கூடாரத்து வாசலில் இருந்து பார்ப்பதற்கு. பின்னேரம் கையில் வைன் கிண்ணத்தோடு வந்து உட்கார்ந்தார்கள். எட்டு வாசலுக்கும் நேரே தெரிந்தது சமையல் கொட்டிலும், நான் வரிசையாக நிறுத்திய நாலு கக்கூசும். சூரியன் எல்லோருடைய முதுகுக்குப் பின்னாலும் தன் பாட்டில் இறங்கிப் போனது. சிஞ்ஞோரா என்னைப் பார்த்த பார்வையில் அந்த இரண்டு அறைகளும் கைவிட்டுப் போயின என்று முடிவு கட்டினேன்.

விடிய, சூரியன் எட்டுக் கூடாரத்துக்குள்ளும் ஒரேயடியாக நுழைந்தது. யாரும் எழுப்பாமலே எல்லோரும் எழும்பிவிட்டார்கள். மருந்துக்கடைக்காரர் ஒருவரின் விதவை போர்வையைச் சுற்றிக்கொண்டு வாசலில் இருந்து அழுதார். வயது எழுபதாகியும் சூரியன் உதிப்பதை ஒருநாளாவது முழுதாகப் பார்த்ததில்லையாம். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். சிஞ்ஞோரா ஒரு குறிப்புக் கொப்பியோடு என்னிடம் வந்தார். என் பெயர் யோகநாதன். அங்கே யாருக்கும் அது வாயில் நுழையாததால் நான் ஜீனோ. "ஜீனோ, அடுத்த முறை பிழை விடுவதென்றால் முன்கூட்டியே சொல்லு. விளம்பரத்தில் போடவேண்டும்."

பாலைவனத்தின் மைந்தன்

அடுத்த பருவத்தில் சிஞ்ஞோராவுக்கு ஒரு யோசனை வந்தது. எங்கள் வாகனத்தை ஓட்டிய ஹபீப் அந்த மணலிலேயே பிறந்தவன். ஆனால் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு எந்நேரமும் வண்டிக்குக் கீழே படுத்திருப்பான். விருந்தினருக்குத் தேநீர் ஊற்ற பாலைவன நாடோடியான ஒரு பெதூயின் வேண்டும். ஆகவே எனக்கு நீல அங்கி தைத்தார்கள், பத்து முழத் துணியில் தலைப்பாகை கட்டினார்கள். தேளுக்குப் பயந்து சப்பாத்தை மூன்று தரம் உதறிப் போடுகிற ஆள் நான். பெனடிக்ற் அண்ணை பார்த்துவிட்டு, கிறிஸ்மஸ் பாலன் குடிலில் ஒட்டகம் பிடித்துக்கொண்டு நிற்கிற பொம்மை மாதிரி இருக்கிறேன் என்றார்.

பலேர்மோவிலிருந்து வந்த ஒரு வழக்கறிஞருக்கு மட்டும் என்னை நன்றாகப் பிடித்துக்கொண்டது. தோளில் கை போட்டுப் படம் எடுத்தார். இந்தக் கண்களைப் பாருங்கள், ஆயிரம் வருசத்துப் பாலைவனம் இதற்குள் இருக்கிறது என்று நண்பர்களுக்குக் காட்டினார். நானும் தூரத்தைப் பார்த்து ஆயிரம் வருசத்தை வரவழைக்க முயன்றேன். மூன்றாம் நாள் தேநீர் ஊற்றக் குனிந்தபோது தலைப்பாகை அவிழ்ந்து அவருடைய மடியில் விழுந்தது. அதைச் சுருட்டி என் கையில் தந்தவர், என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, நடுச் சகாராவில், எல்லோருக்கும் முன்னால் சொன்னார்: "ஜீனோ, மூன்றாம் மாடித் திருப்பத்தில் நீ ஒழுங்காகத் துடைக்கிறதில்லை."

நாடாவோடு வந்தவர்

இதற்கிடையில் வீட்டுச் சான்றிதழுக்கு விண்ணப்பம் போட்டுப் பார்த்தேன். சிஞ்ஞோராவின் அறைகளை வாய்விட்டுக் கேட்க வெட்கம். அதனால் கபோச் சந்தையில் மீன்கடைக்கு மேலே நாங்கள் நாலு பேர் இருந்த அறையையே முகவரியாகக் கொடுத்தேன். நகராட்சியிலிருந்து ஒருவர் நாடாவோடு வந்தார். வருவார் என்று தெரிந்து மூன்று பேரின் படுக்கையைச் சுருட்டிப் பக்கத்து வீட்டில் ஒளித்திருந்தேன். சுவரில் மூன்று பேரின் சட்டை தொங்குவதை மறந்துபோனேன்.

நல்ல மனிதர். அந்தச் சட்டைகளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நீளம் அளந்தார், அகலம் அளந்தார், போதாது என்று தலையை ஆட்டினார். திரும்பும்போது கதவில் நான் ஒட்டியிருந்த எங்கள் கூடார விளம்பரம் அவர் கண்ணில் பட்டது. படத்துக்குக் கீழே கூடாரத்தின் அளவும் போட்டிருந்தது. மூக்குக்கண்ணாடியைப் போட்டு வாசித்தவர் உண்மையான கவலையோடு சொன்னார்: "இதற்கு ஒரு தெருப் பெயரும் கதவு இலக்கமும் இருந்தால் இப்போதே கையெழுத்துப் போடுவேன்."

மதியச் சாப்பாடு

இனி சிஞ்ஞோராவின் அறைகளை விட்டால் வேறு வழியில்லை. அடுத்த பயணத்தில் ஒரு பிழையும் விடக்கூடாது என்று தீர்மானித்துக்கொண்டு போனேன். வாசல் எல்லாம் மேற்கே. கக்கூஸ் எல்லாம் கண்ணுக்கெட்டாத இடத்தில். பெரிய சாப்பாட்டுக் கூடாரத்துக்கு முளைகளை நானே அடித்தேன், பந்தற்காலுக்கு அடிப்பதுபோல நேராக, ஆழமாக. மணலில் முளை நிற்காது, சாக்கில் மணலை நிரப்பிப் புதைத்து அதில் கயிற்றைக் கட்டவேண்டும் என்று ஹபீப் சொல்லத்தான் செய்தான். இவனுக்கென்ன தெரியும், வண்டிக்குக் கீழே கிடப்பவன் என்று விட்டுவிட்டேன்.

இரண்டாவது கறி பரிமாறும்போது காற்று வந்தது. முளைகள் வெண்ணெயில் குத்திய ஊசி மாதிரி ஒவ்வொன்றாக எழும்பி வந்தன. பன்னிரண்டு விருந்தினரும் சிஞ்ஞோராவும் துணிக்குக் கீழே போய்விட்டார்கள். நான் வெளியே ஒரு கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு முருகா முருகா என்று கத்தினேன். ஒருவருக்கும் அடிபடவில்லை. ஆனால் சிஞ்ஞோராவின் கழுத்து வரைக்கும் தக்காளிச் சாறு. பலேர்மோ திரும்பி இரண்டு மாதமாகியும் அவர் அறைகளைப் பற்றி மூச்சே விடவில்லை. ஹபீப் மட்டும் அன்றே தீர்ப்புச் சொல்லிவிட்டான்: "ஜீனோ, நீ தேநீர் ஊற்று. கயிற்றைத் தொடாதே."

கடிதம்

அது போரால் யாழ்ப்பாணம் முழுக்க இடம்பெயர்ந்த காலம். வசந்தியும் அவளுடைய தாயும் கிளிநொச்சிப் பக்கம் ஒரு காணியில் தறப்பாள் விரிப்பைக் கட்டி அதன் கீழே இருந்தார்கள். அந்தச் செய்தி எனக்கு வந்து சேர முன்பே நான் அவளுக்கு ஒரு கடிதம் போட்டிருந்தேன். எங்கள் கூடாரத்தின் பெருமையை எல்லாம் அதில் அளந்திருந்தேன்: கம்பளம், பித்தளைக் கட்டில், கால் கழுவச் சுடுதண்ணீர். நினைத்தால் இன்றைக்கும் முகம் கூசுகிறது. பதில் வர மூன்று மாதம் எடுத்தது. களஞ்சியத்தில் கூடாரத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது பெனடிக்ற் அண்ணை கொண்டுவந்து தந்தார்.

வாசித்து முடித்ததும் துணி மூட்டையின் மேலேயே இருந்து அழுதேன். கடிதத்தின் கடைசி வரிகள் இவை: "உங்கடை கூடாரத்துக்கை மழைக்குத் தண்ணி வாறேல்லையோ? இஞ்சை வருது. நீங்கள் கூடாரத்திலை வேலை எண்டு அம்மாட்டைச் சொல்லேல்லை. நீங்களும் இடம்பெயர்ந்திட்டியள் எண்டு அழுவா."

சாவி

நான் அழுததை சிஞ்ஞோரா கண்டுவிட்டார். என்ன என்று கேட்டதும் எனக்குத் தெரிந்த இத்தாலியத்தில் அந்த வரிகளைச் சொன்னேன். தண்ணீர் வருகிற கூடாரம் என்றால் அவருக்கு முதலில் விளங்கவில்லை. ஏன் இன்னொரு இடத்துக்குப் போகக்கூடாது என்று கேட்டார். போக இடமில்லாததால்தான் கூடாரம் என்று பெனடிக்ற் அண்ணை விளக்கினார். சிஞ்ஞோரா குனிந்து எங்கள் கம்பளம் ஒன்றைத் தொட்டுப் பார்த்தார்.

பிறகு கைப்பையைக் கிளறி மேல் அறைகளின் சாவியை எடுத்தார். விழுந்த கூடாரம் இன்னும் அவர் மனதில் இருந்திருக்கவேண்டும். நான் சுண்ணாம்பு அடிக்கலாம், ஆனால் முளை மட்டும் அடிக்கக்கூடாது என்றார். சாவியைக் கையில் வைத்துவிட்டு மன்னிப்புக் கேட்கும் குரலில் சொன்னார்: "சுவரில் ஈரம் இருக்கிறது, ஜீனோ. ஆனாலும் சுவர்."

சிஞ்ஞோராவின் அன்பளிப்பு

வசந்தி கொழும்புக்கு வந்து, கடதாசி எல்லாம் சரிவந்து, பலேர்மோவில் இறங்க மேலும் ஒரு வருசத்துக்கு மேலானது. வந்த மூன்றாம் நாள் சிஞ்ஞோரா எங்களை ஸ்ஃபெர்ராகவால்லோவில் இருந்த தன் கடற்கரை வீட்டுக்கு அழைத்தார். போனால், தோட்டத்தில் நிற்கிற எங்கள் ஆகச் சிறந்த கூடாரம் எங்களுக்காம். பித்தளைக் கட்டில், பூக்கள், எல்லாம். பாவம், கெட்ட கூடாரத்தில் கஷ்டப்பட்ட பிள்ளை நல்ல கூடாரம் ஒன்றில் இரண்டு நாள் இருந்து பார்க்கட்டுமாம். மனதார நினைத்துச் செய்தது. மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாங்கள் இருப்பது அவருடைய வீடு, கையில் இருப்பது அவருடைய ஒப்பந்தம். வசந்தியிடம் சரி சொல்லு என்று கேட்கவும் வாய் வரவில்லை. வேர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

வசந்தி கட்டிலைப் பார்க்கவில்லை. கம்பளத்தின் ஓரத்தைத் தூக்கி நிலத்தைத் தடவிப் பார்த்தாள். வெளியே வந்து கூடாரத்தைச் சுற்றி நடந்து, ஒவ்வொரு கயிற்றையும் விரலால் தட்டினாள். முளைகளை யார் அடித்தது என்று கேட்டாள். தோட்டக்காரன் வராததால், யாருக்கென்று சொல்லாமல் சிஞ்ஞோராவே காலையில் என்னைக் கூப்பிட்டு அடிப்பித்ததை ஒப்புக்கொண்டேன். அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு கல்லை எடுத்தாள். எல்லா முளையையும் பிடுங்கிச் சரித்து அடித்து, கயிறுகளை இழுத்துக் கட்டி, கடற்பக்கம் மழைத்தண்ணீர் ஓட ஒரு சிறு வாய்க்காலும் வெட்டினாள். சிஞ்ஞோரா கயிற்றைத் தானே இழுத்துப் பார்த்தார், அது அசையவில்லை.

கையைத் தட்டிக்கொண்டு வந்து வசந்தி என்னிடம் சொன்னாள்: "இனி எந்தக் காத்துக்கும் அசையாது. சிஞ்ஞோராவை நல்லாப் படுக்கச் சொல்லுங்கோ. நாங்கள் வீட்டை போவம்."

நாலு வருசம் கூடாரம் அடித்த எனக்குத் தேநீர் ஊற்றும் வேலைதான் நிரந்தரமானது. எட்டு மாதம் தறப்பாளுக்குக் கீழே இருந்தவளை அடுத்த பருவமே சிஞ்ஞோரா எனக்கு மேலாளாகப் போட்டுவிட்டார்.