ராகு காலத்தில் காத்திருந்த ஈஸ்ட்

முந்திரியில் கொட்டைக்குத்தான் விலை. பழத்தை யாரும் சீண்டுவதில்லை. கறம்பக்குடிப் பக்கம் சித்திரை மாதம் எந்தத் தோப்புக்குள் நுழைந்தாலும், கொட்டையைத் திருகி எடுத்துவிட்டு வீசிய பழங்கள் காலடியில் நசுங்கும். புளித்த வாடை மூக்கில் ஏறும். எனக்கு அந்த வாடை வந்தாலே இத்தனை சர்க்கரை வீணாகிறதே என்று பதறும். உயிர்த்தொழில்நுட்பம் படித்த கோளாறு.

கல்லூரியில் எனக்கு மூத்தவளான அக்காவும் நானும் சேர்ந்து ஒரு ஈஸ்ட்டை உருவாக்கினோம். மரபணு மாற்றிய ஈஸ்ட். முந்திரிப்பழச் சாற்றைக் குடித்துவிட்டு, கோழித்தீவனத்தில் கலக்கும் ஒரு நொதியைச் சுரக்கும். அந்த நொதி இருந்தால் தீவனத்தின் சத்து கோழி உடம்பில் ஒட்டும், எச்சத்தோடு போகாது. ஆய்வகக் குடுவையில் அருமையாகச் சுரந்தது. ஆனால் குடுவை ஒரு கையில் அடங்குவது. கோழிப்பண்ணைக்காரர் மூட்டைக் கணக்கில் கேட்பவர்.

குடுவைக்கும் தொழிற்சாலைக்கும் நடுவே ஒரு பெரிய தொட்டி வேண்டும். அங்கேதான் முக்கால்வாசிப் பேர் நின்றுபோகிறார்கள். குடுவையில் சும்மா குலுக்கினாலே காற்று கிடைக்கும். தொட்டியில் காற்று, சூடு, நுரை எல்லாமே வேறு விதமாக நடந்துகொள்ளும். அதை ஓட்டிப் பார்த்துத்தான் கற்க முடியும், ஓட்டிப் பார்க்கத் தொட்டி வாங்க எங்களைப் போன்றவர்களால் முடியாது. உயிரி உற்பத்திக்கு ஆதரவு என்று அரசு அறிவித்தபோது நான் குதித்தது அதற்காகத்தான். புதுக்கோட்டைக்கு வெளியே ஒரு பொது நொதிப்பு மையம் வந்தது. ஆள் உயரத்துக்கு மேல் எஃகுத் தொட்டி. விண்ணப்பித்தால் நாள் ஒதுக்குவார்கள். பஸ்ஸில் பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் இதையே பேசினேன். ஒரு அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "லோன் தர்றாங்களா பாப்பா?" என்றார். இல்லை என்றதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அக்காவுக்கு அந்தத் தொட்டி இன்னொரு விதத்தில் முக்கியம். அவள் வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருக்கிறார். குடும்ப விசா கைக்கு வந்துவிட்டது. "தொட்டியில ஓடிச்சுன்னா இரு. ஓடலைன்னா கெளம்பி வந்துரு" என்று சொல்லிவிட்டார். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பாள். அன்பாகச் சொன்னார், அதனால் சரி என்றுவிட்டாள்.

எங்களுக்கு வெள்ளிக்கிழமை காலையிலிருந்து திங்கள் காலை வரை ஒதுக்கினார்கள். அக்காவின் அப்பா, நான் பெரியப்பா என்று கூப்பிடுபவர், தன் தோப்புப் பழத்தைப் பிழிந்து பால் கேன்களில் நிரப்பி லோடு ஆட்டோவில் கொண்டுவந்தார். சாறு கொதிநீராவியில் சுத்தமாகித் தொட்டியில் காத்திருந்தது. பக்கத்துச் சின்னக் கலத்தில் விதை ஈஸ்ட், பாலுக்கு உறை மோர் மாதிரி, சரியான பருவத்தில் இருந்தது. குழாயைத் திறந்து தொட்டிக்குள் விட வேண்டியதுதான்.

"இன்னைக்கு வெள்ளி. பத்தரை பன்னெண்டு" என்றார் பெரியப்பா, யாரையும் பார்க்காமல்.

மையத்தின் பொறுப்பாளர் முனைவர் பட்டம் வாங்கியவர். அவர் சுவரில் தொங்கிய நாள்காட்டியை ஒரு பார்வை பார்த்தார். "ராகு காலமா? நீங்க பார்ப்பீங்கன்னா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்மா."

"சார் பார்ப்பீங்கன்னா வெயிட் பண்றோம் சார்" என்றாள் அக்கா.

"ஈஸ்ட்டுக்கு என்ன ராசிக்கா?" என்றேன்.

"சிரி பாப்பா, நல்லா சிரி" என்றார் பெரியப்பா. "மொத மொத ஊத்துறோம். ஒன்றரை மணி நேரத்துல என்ன குடி முழுகிருது?"

சார் எங்களுக்காகக் காத்திருந்தார். அக்கா சாருக்காகவும் அப்பாவுக்காகவும் காத்திருந்தாள். வேண்டாம் என்று சொல்லும் ஆளாக இருக்க யாருக்கும் மனமில்லை. டீ வந்தது. பன்னிரண்டு அடித்தது. அதற்குள் கலத்தையும் தொட்டியையும் இணைக்கும் இடைக்குழாய் ஆறிப்போயிருந்தது. மறுபடி நீராவி விட்டுச் சுத்தம் செய்யாமல் திறக்கக் கூடாது. அது முடியவே மதியம் தாண்டிவிட்டது. "மூணு மணிக்கு எமகண்டம்!" என்று வாசலிலிருந்து பெரியப்பாவின் குரல் வர, விழுந்தடித்துக்கொண்டு திறந்துவிட்டோம்.

விதைக் கலத்திலிருந்த சர்க்கரையை ஈஸ்ட் எப்போதோ தின்று தீர்த்திருந்தது. பந்தியில் உட்கார வைத்து இலை போடாமல் விட்டது மாதிரி, பசித்துப் பசித்துச் சுருண்டுவிட்டது. தொட்டி நிறையச் சாற்றைக் கண்டும் எழுந்திருக்கவில்லை. சனிக்கிழமை திரையில் வளர்ச்சியைக் காட்டும் கோடு தட்டையாகவே கிடந்தது. ஞாயிறு சாயங்காலம் மெல்ல நிமிர்ந்தது. நொதி ஏறத் தொடங்கியபோது திங்கள் விடிந்து, அடுத்த குழு தன் டப்பாக்களோடு வாசலில் நின்றது. பாதியில் இறக்கினோம். லிட்டர் கணக்கில் பார்த்தால் குடுவையில் கிடைத்ததில் பாதிகூடத் தேறவில்லை.

"நேரம் பார்த்துத்தானே ஊத்துனோம்?" என்றார் பெரியப்பா, காலிக் கேன்களை ஏற்றியபடி.

இந்த உதவியைத் தரும் அரசுக் குழுவுக்கு இணையவழியில் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. காற்று போதாமல் போனது என்று போட்டுவிடலாம், எல்லோருக்கும் நடப்பதுதான் என்றார் சார். நானும் அதற்குப் படமெல்லாம் வரைந்து வைத்தேன். அக்கா அந்தப் படத்தைத் திறக்கவே இல்லை.

"விதை தயாரானப்ப ராகு காலம் சார். வெயிட் பண்ணிட்டோம்."

திரையில் எல்லா முகங்களும் அசையாமல் நின்றன. நெட் போய்விட்டதோ என்று நினைத்தேன். பிறகு ஒரு வயதான உறுப்பினர் இருமுகிற மாதிரி சிரித்தார். "சொன்னீங்களே, அது நல்லது. காத்துக் கோளாறுன்னு சொல்லியிருந்தா, நாங்களும் நம்பி அங்கிட்டு இருக்கிற குழாயெல்லாம் மாத்தச் சொல்லியிருப்போம். நாள் கிடைச்சா இன்னொரு தடவை ஓட்டுங்க."

அதன்பிறகு நான் நிறைய யோசித்தேன். அரசாங்கம் தொட்டி தரலாம், நாள் தரலாம். அந்தத் தொட்டி எதைக் கற்றுக்கொடுத்தது என்று மறைக்காமல் சொல்வது எங்கள் பங்கு. அதைச் சொல்லாவிட்டால் அடுத்து வருகிறவரும் இதே இடத்தில் வழுக்குவார்.

ஆனால் நாள் எங்கே? சாரின் கணினியில் தீபாவளி வரை எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது. நடுவில் மட்டும் ஒரு வரிசை முழுக்க வெள்ளை.

"இது என்ன சார்?"

"ஆடி மாசம்மா. யாரும் புதுசா தொடங்க மாட்டேங்குறாங்க."

அக்கா நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டாள். "நாங்க எடுத்துக்கிறோம்."

பெரியப்பா இரண்டு நாள் முறைத்துக்கொண்டே திரிந்தார். மூன்றாம் நாள், "ஆடியில பழத்துக்கு எங்கிட்டுப் போவீங்க?" என்றார். சாற்றை ஆடி வரை வைக்க மீமிசலில் மீன் உறைய வைக்கும் கிடங்கில் ஒரு மூலை பேசி வைத்திருந்தோம். "சாறு மீன் வாடை அடிக்கும்" என்று முணுமுணுத்தவர், கடைசிப் பழங்களைப் பிழிந்து தானே ஏற்றிக்கொண்டு வந்தார்.

கிடங்கு வாசலில் நின்றுதான் அக்கா மஸ்கட்டுக்குப் பேசினாள். "ஆடியில புருசன் பொண்டாட்டி பிரிஞ்சுதாங்க இருக்கணும். நான் எப்படி வர்றது?"

"அது புதுசா கட்டுனவங்களுக்குடி" என்ற குரல் எனக்கே கேட்டது. "விசா ஆவணி வரைக்கும்தான் செல்லும். அதுக்கு மேல என்னால இழுக்க முடியாது. தெரிஞ்சுக்க."

"தெரியுதுங்க" என்றாள். போனை இடுப்பில் செருகிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "நின்னுக்கிட்டே இருக்க? கேனை அந்தப் பக்கம் பிடிடி. வெயில்ல சாறு சூடேறுது."