கொசு அக்காவின் கைச்சூடு

ரத்தம் எடுக்கப் போகிறவளுக்குக் கை சூடாக இருக்க வேண்டும். நம்பாதவர்கள் குளிர்காலக் காலையில், தூக்கம் கலையாத ஒருவரின் முழங்கையைச் சில்லிட்ட விரலால் தொட்டுப் பாருங்கள், தெரியும் சங்கதி. ஆள் துள்ளுவார். நரம்பு எங்கேயோ போய் ஒளிந்துகொள்ளும். ரப்பர் உறை போட்டாலும் அந்தக் குளிர் மறைவதில்லை.

வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்துப் பரிசோதனைக் கூடத்தில் சேர்ப்பதுதான் கொசு அக்காவின் வேலை. பதினோரு வருடமாகச் சைக்கிளில்தான் சுற்றுகிறாள். பெயர் வைத்தது அவள் போகிற வீட்டுப் பிள்ளைகள். அவளும் அதற்காக முகம் சுளித்ததில்லை. கொசு வந்திருக்கிறது என்று தானே சொல்லிக் கதவைத் தட்டுவாள்.

இந்தக் குளிர்காலத்தில் மேலாளர் ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கத்து வீடுகளையும் அவள் தலையில் கட்டினார். அங்கேதான் இருந்தார் கப்பல் சமையல்காரர். வேலையை விட்டு வந்து வருடங்கள் ஆகிவிட்டன. இப்போது இதயத்துக்கு மாத்திரை. வாரா வாரம் ரத்தத்தைப் பார்த்துத்தான் அளவு சொல்வார்கள். நடுக்கடல் புயலிலும் அடுப்பை அணைக்காத மனிதர், ஊசியைக் கண்டால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். முதல் மூன்று வாரமும் அவருக்கு இரண்டிரண்டு முறை குத்த வேண்டியதாயிற்று. மூன்றாவது வாரம் பொறுக்க மாட்டாமல் மேலாளருக்குப் போன் போட்டு, அந்த அம்மா கையை மீன் பெட்டிக்குள் வைத்திருந்து எடுத்து வருகிறாளா என்று கேட்டே விட்டார்.

மேலாளர் தங்கமான மனிதர்தான். ஆனால் புகார் என்றால் பயந்துவிடும் ஜாதி. ஸ்கூட்டர் வைத்திருக்கும் ஒருவரை அந்த வேலைக்குப் போட்டு, அக்காவை உள்ளே உட்காரவைத்துக் குப்பிகளுக்குச் சீட்டு ஒட்டச் சொல்லலாம் என்று முடிவு கட்டினார். அடுத்த வாரம் மட்டும் ஸ்கூட்டர்காரர் அவள் கூடவே வந்து வீடுகளைத் தெரிந்துகொள்வாராம். ஜன்னல்கூட இல்லாத அந்த அறையில் நாள் முழுக்க உட்காருவதா? காலை வெயில், ஆறு, திறக்கும் கதவுகள் எல்லாம் போய்விடுமா? வீட்டுக்கு வந்தவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கை சில்லிடக்கூடாது என்று அவள் சும்மாவா இருந்தாள்? போடாத துணி இல்லை. பருத்திப் பனியன், சட்டை, கணவரின் தடிமனான ஸ்வெட்டர், அதற்கும் மேல் மழைக்கோட்டு. சைக்கிளில் ஒரு துணிமூட்டை போவதைப் போலத்தான் இருக்கும். அப்படியும் பாலம் இறங்குவதற்குள் விரல் விறைத்துவிடும். இன்னும் ஒரு ஸ்வெட்டர் வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

கணவர் துவைத்து இஸ்திரி போடும் கடை வைத்திருப்பவர். ஊரார் துணியைத் தொட்டுப் பார்த்தே அவர்கள் எங்கே போய் வந்தார்கள் என்று சொல்லக்கூடிய ஆசாமி. அவள் கழற்றிப் போட்ட பனியனைக் கையில் எடுத்துப் பிழிந்தார். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது.

"நீ நிக்கிறதுக்கு உடுத்திட்டுப் போற," என்றார். "ஓட்டுறதுக்கு உடுத்து."

பாலம் ஏறும்போது வேர்த்துக் கொட்டுகிறது; இறங்கும்போது அந்த ஈரத்தில் காற்று அடிக்கிறது; உடம்பு தன் சூட்டை நெஞ்சைக் காக்கச் செலவழித்துவிட்டால் கைக்கு என்ன மிஞ்சும் என்பது அவர் கட்சி. இஸ்திரிப் பெட்டியைப் பிடித்தால் டாக்டர் ஆகிவிடலாம் போல என்று அக்கா நொடித்தாள். ஆனாலும் அவர் எடுத்து வைத்ததை வாங்கிக்கொண்டாள். உடம்போடு ஒட்டும் மெல்லிய கம்பளிப் பனியன். காற்றைத் தடுக்கும் மெல்லிய ஜாக்கெட், முன்னால் ஜிப். காதை மூடும் குல்லா. பிரேக் பிடிக்கத் தோதான மெல்லிய கையுறை. அவ்வளவுதான்.

ஸ்கூட்டர்காரர் கூட வரவேண்டிய அந்தக் காலை, வாசலுக்கு வந்ததும் வெடவெடவென்று நடுங்கினாள். ஸ்வெட்டரை எடுக்கத் திரும்பியவளை அவர் வழிமறித்தார். மூன்றாவது தெரு வரைக்கும் பல்லைக் கடித்துக்கொள், அதற்கப்புறமும் குளிர்ந்தால் இந்த வாழ்நாளில் உன்னிடம் வாயே திறக்க மாட்டேன் என்றார். அது நல்ல பேரமாகத்தான் பட்டது அவளுக்கு.

மூன்றாவது தெருவில் குளிர் விட்டது. தெருமுனையில் காத்திருந்த ஸ்கூட்டர்காரர் பின்னாலேயே மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தார். தடித்த தோல் ஜாக்கெட், தடித்த கையுறை, தலைக்கவசம் என்று ராஜா மாதிரி இருந்தார். பாலம் ஏறும்போது அக்கா ஜிப்பைத் திறந்துவிட்டாள். உச்சியில் ஒரு காலை ஊன்றி நின்று அதை மூடிக்கொண்டு இறங்கினாள். முதுகு காய்ந்தே இருந்தது. சைக்கிளை நிறுத்திக் கையுறையைக் கழற்றி விரல்களைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். அவளுக்கே நம்ப முடியவில்லை.

சமையல்காரர் கையை நீட்டிவிட்டு வழக்கம்போல் சுவரைப் பார்த்தார். அக்கா பட்டையைக் கட்டி, நரம்பைத் தடவிப் பார்த்தாள். அவர் துள்ளவில்லை. ஒரே குத்து, குப்பி நிறைந்தது. பஞ்சை வைத்து அழுத்தும்போதுதான் திரும்பிப் பார்த்தார்.

வந்த சந்தோஷம் அக்காவுக்கு அங்கேயே அடங்கியும் போனது. சொல்ல வேண்டியதைச் சொல்லித்தானே ஆக வேண்டும்? அடுத்த வாரத்திலிருந்து தான் வருவதில்லை, இவர்தான் வருவார் என்று ஸ்கூட்டர்காரரைக் காட்டினாள்.

சமையல்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"கையக் குடுங்க தம்பி."

ஸ்கூட்டர்காரர் தடித்த கையுறையைக் கழற்றிக் கையைக் கொடுத்தார். தொட்ட வேகத்தில் சமையல்காரர் தன் கையை இழுத்துக்கொண்டார். பாவம், அந்த மனிதர் மேல் குற்றம் சொல்ல முடியாது. பாலம் ஏறியதெல்லாம் வண்டி. அவர் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்து காற்று வாங்கியதுதான் மிச்சம்.

அவர்கள் வாசலைத் தாண்டுவதற்குள் சமையல்காரர் மேலாளரைப் போனில் பிடித்துவிட்டார்.

"எனக்கு மிதிச்சு வர்ற அம்மாவையே அனுப்புங்க."