எந்தப் படத்துப் பாட்டு இது?

அந்துருண்டை வாசனை மூக்கில் ஏறினால் இன்றைக்கும் என் வலதுகை விரல்கள் தாமாக ஒரு கீபோர்டுக் கட்டையைத் தேடும். எங்கள் பள்ளியில் இருந்த ஒரே கீபோர்டு, ஆசிரியர்கள் அறை இரும்பு பீரோவில், விழா நாள் வெல்வெட் துணிக்கும் பழைய வருகைப் பதிவேடுகளுக்கும் நடுவே படுத்திருக்கும். பூச்சி அரித்துவிடக் கூடாதென்று அதன் உறைக்குள்ளும் உருண்டைகளைப் போட்டு வைத்திருந்தார் பாட்டு டீச்சர். பிளாஸ்டிக்கைப் பூச்சி தின்னாது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை; சொல்லியிருந்தாலும், சொன்னவருக்கும் பூச்சிக்கும் ஏதோ உடன்பாடு இருப்பதாகத்தான் நினைத்திருப்பார்.

அவருடைய சந்தேகத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. மண்ணூர்ப் பக்கத்துப் பள்ளி அது. வயல்கள் ஒவ்வொன்றாகக் கம்பெனிகளாகிக்கொண்டிருந்த காலம். வகுப்பில் பாதிப் பேரின் அப்பாக்கள் 'ஷிப்ட்' போகிறவர்கள். நான் எட்டாவது படித்த வருடம், ஆண்டு விழாவை முன்னிட்டு, ஆளுக்கு நாலு வரி அளவில் ஒரு சொந்த மெட்டுப் போட்டுக்கொண்டு வரச் சொன்னார் டீச்சர். சிறந்த மெட்டை அதைப் போட்டவரே மேடையில் வாசிக்கலாம். அடுத்த திங்கட்கிழமை வகுப்பு ஒரு திருட்டுப் பொருள் கண்காட்சியாக இருந்தது. முதலில் எழுந்த பையன் சோகமாக எதையோ பாட, டீச்சர் மேஜையில் ஸ்கேலால் வேகமாகத் தட்டத் தொடங்கினார். தட்டத் தட்ட அந்தச் சோகம் கழன்று உள்ளே இருந்த குத்துப்பாட்டு வெளியே வந்துவிட்டது. மீதியை வகுப்பே பாடி முடித்தது. அடுத்தவன் சர்ச் பாட்டு ஒன்றை வேகமாக ஓட்டிக்கொண்டு வந்தான். ஞாயிறுதோறும் சர்ச்சில் வாசிப்பவர் டீச்சர். "எங்கிட்டயேவா?" என்றார், அவ்வளவுதான்.

என் மெட்டு வந்த கதை எனக்கே சந்தேகமாக இருந்தது. வீட்டுப் பின்புறக் குழாயடியில் டிபன் பாக்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தபோது அது வந்தது. முதல் வரி ஒரே மூச்சில், ஏற்கெனவே யாரோ மடித்து வைத்த துணியைப் போல வந்து விழுந்தது. மற்ற மூன்று வரிகளுக்குத்தான் பாத்திரம் எல்லாம் தேய்ந்து பளபளக்கும் அளவுக்கு நேரம் பிடித்தது. எங்கள் வீட்டில் முயற்சி இல்லாமல் வந்தது சளி ஒன்றுதான். அதுவரை என் கலைச் சாதனை, பக்கத்து பெஞ்சுக்காரியின் மாம்பழத்தைப் பார்த்து வரைந்து, அவளைவிடக் குறைந்த மதிப்பெண் வாங்கியது. அப்படிப்பட்டவளிடம் ஒரு மெட்டு வந்து சேர்கிறதென்றால் விலாசம் மாறி வந்திருக்க வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனாலும், என்னிடமிருந்து வந்தது என்று காட்ட உலகத்தில் ஒன்று இருக்கிறதே என்று அன்று இரவு போர்வைக்குள் முனகிக்கொண்டே இருந்தேன்.

என் முறை வந்தபோது மேஜைமேல் இருந்த கீபோர்டில் வாசித்துக் காட்டினேன். டீச்சர் ஸ்கேலைக் கீழே வைத்தார்.

"எந்தப் படம்?"

"படம் இல்ல டீச்சர்."

"டிவி விளம்பரமா?"

"இல்ல டீச்சர். நானா போட்டது."

"நீயாவா?" என்று வகுப்பைப் பார்த்தார். வகுப்பு கடமை தவறாமல் சிரித்தது. பிறகு அவரே வேகமாக வாசித்தார், மெதுவாக வாசித்தார், கடைசியிலிருந்து தலைகீழாகக்கூட வாசித்துப் பார்த்தார். எதுவும் அகப்படவில்லை. "கேட்டது மாதிரிதான் இருக்கு. ஆனா நல்லா மறைச்சிருக்க. சரி, ஆண்டு விழாவுல நீயே வாசி. அதுக்குள்ள எந்தப் பாட்டுன்னு நான் கண்டுபுடிச்சேன்னு வையி, மேடைன்னுகூடப் பாக்க மாட்டேன், பாதியிலயே எறக்கிடுவேன்."

பாராட்டும் கைது அறிவிப்பும் ஒரே மூச்சில் கிடைத்த மாணவி நானாகத்தான் இருப்பேன்.

அன்றிலிருந்து ரேடியோ எனக்கு எதிரியானது. புதுப் பாட்டு எது தொடங்கினாலும் முதல் சில விநாடிகள் கைவேலையைப் போட்டுவிட்டுக் காது கொடுப்பேன். அது என் மெட்டு இல்லை என்று தெரிந்த பிறகுதான் வேலையைத் தொடர்வேன். வகுப்புப் பையன்கள் தினம் ஒருவனாக "கண்டுபுடிச்சிட்டேன்டி" என்று வந்து, எதையோ பாடி, அது வேறாக இருக்கத் திரும்பிப் போனார்கள். வீட்டில் முனகிக்காட்டினால் அம்மா அரிசி களைவதை நிறுத்திவிட்டு, "இன்னாடி அது, எங்கியோ கேட்ட மாரி கீதே" என்பாள். எங்கே என்று கேட்டால், "தெர்ல, ஆனா கேட்டுக்கீறேன்" என்று மறுபடி களைவாள்.

கடைசி நம்பிக்கையாக மாடிக்குப் போனேன். அங்கே வாடகைக்கு இருந்த இசக்கி அண்ணன் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அப்பாவின் கார் கம்பெனிக்கு வேலைக்கு வந்தவர். துணிமணியைவிட கேசட் அதிகம் வைத்திருந்தவர். அவருக்குத் தெரியாத சினிமாப் பாட்டு இருந்தால் அது இன்னும் எழுதப்படவில்லை என்று அர்த்தம். கண்ணை மூடிக் கேட்டார். பிறகு கண்ணைத் திறந்து என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"சினிமாப் பாட்டு இல்ல பாப்பா. ஆனா நல்லாத் தெரிஞ்ச பாட்டு. கேட்டாலே வயித்துக்குள்ள என்னமோ செய்யுது. எங்கன கேட்டேன்னுதான் பிடிபட மாட்டுக்கு."

"நல்லா இருக்கா அண்ணே?"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா எந்திச்சு ஓடணும்போல இருக்கே, அது ஏன்னு சொல்லு."

இசை விமரிசனம் பின்னாளில் நிறையப் படித்திருக்கிறேன். இவ்வளவு நேர்மையான ஒன்றைக் கண்டதில்லை.

அப்பாவிடம் கேட்க முடியவில்லை. அந்த மாதம் அவருக்கு இரண்டாவது ஷிப்ட். நான் பள்ளிக்குக் கிளம்பும்போது தூங்குவார், நான் தூங்கிய பிறகு வருவார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் முழு மனிதராகக் கிடைப்பார். அப்போதும் 'லைன் லீடர்' என்ற பதவியின் கவலை முகத்தில் இருக்கும். விழா நாளன்று ஷிப்டை மாற்றிக்கொண்டு, வேலை முடிந்த கையோடு, யூனிபாரம்கூடக் கழற்றாமல், இசக்கி அண்ணனோடும் கம்பெனி ஆட்கள் சிலரோடும் பந்தலின் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார். டீச்சர் மேடையின் ஓரத்தில் கைகட்டி நின்றிருந்தார். அவர் இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறார் என்பது புருவத்தில் தெரிந்தது.

முதல் வரியை வாசித்தேன். கடைசி வரிசையில் தலைகள் ஒருசேர உயர்ந்தன. அவர்கள் என்னைப் பார்க்கவில்லை. எனக்கு மேலே, சீரியல் பல்பும் பலூனும் தொங்கிய இடத்தில் எதையோ தேடினார்கள். மெட்டில் முதல் வரி இரண்டு முறை வரும். மறுபடி வாசித்தபோது யூனிபாரம் போட்ட எல்லோரும் எழுந்துவிட்டார்கள். இசக்கி அண்ணனின் வலது கை காற்றில் ஏதோ கயிற்றைப் பிடிப்பதுபோல் உயர்ந்து நின்றது. அப்பா ஓடி வந்துகொண்டிருந்தார். நாற்காலிகளுக்கு நடுவே, யார் காலையோ மிதித்து, மேடையை நோக்கி.

டீச்சர் முகம் மலர்ந்தது. அவர் ஒரு அடி முன்னால் வைப்பதை ஓரக்கண்ணால் பார்த்தேன். அந்த இடத்தில் நிறுத்தினால் திருட்டை ஒப்புக்கொண்ட மாதிரி. இரண்டாவது வரிக்குப் போனேன்.

அப்பா மேடைக்குக் கீழே சட்டென்று நின்றார். பின்னால் நின்றிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்றாவது வரியில் ஒருவர் உட்கார்ந்தார், பிறகு மற்றவர்கள். இசக்கி அண்ணன் தன் கையைத் தானே அண்ணாந்து பார்த்துவிட்டு இறக்கிக்கொண்டார். அப்பா மட்டும் மேடைப் பலகையைப் பிடித்தபடி, என் விரல்களைப் பார்த்துக்கொண்டு, கடைசி வரை அங்கேயே நின்றார்.

"இன்னா சார், என்ன ஆச்சு?" என்றார் டீச்சர்.

"ஒண்ணுமில்ல டீச்சர். கதவுன்னு நெனச்சிட்டேன்."

அது துணிப் பந்தல். கதவே கிடையாது.

பிறகுதான் விஷயம் வந்தது. கம்பெனியில் வண்டிகள் நகரும் வரிசைக்கு மேலே ஒரு கயிறு ஓடும். கதவு மாட்டும் இடத்தில் கதவு சரியாக உட்காரவில்லையென்றால் அங்கிருப்பவர் கயிற்றை இழுப்பார். ஒரு பாட்டு ஒலிக்கும், மேலே பலகையில் எண் எரியும். வரிசைக்கு லீடரான அப்பா ஓட வேண்டும். ஓடாவிட்டால் லைன் நின்றுவிடும். அந்தப் பாட்டுதான் என் முதல் வரி.

"அப்போ காப்பிதான்!" என்றார் டீச்சர். பல வார மனப்பாரம் இறங்கிய குரல் அது.

"இந்தப் பொண்ணு கம்பெனிப் பக்கமே வந்ததில்லையே டீச்சர்" என்று அப்பா விழித்தார்.

அதற்குள் வந்து சேர்ந்த அம்மா, "இவ எதுக்குங்க வரணும்? ஞாயித்துக்கெழம தலைக்கு ஊத்திக்கினு இதையேதான நீங்க முணுமுணுத்துக்கினு இருப்பீங்க. எனக்கு இப்பதான் வெளங்குது" என்றாள்.

அப்பாவுக்கு அது செய்தி. தான் பாடுவது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டே டீச்சரிடம் சொன்னார்: "மொத வரி மட்டும்தான் டீச்சர் அங்க. மறுபடி கயித்த இழுக்கற வரைக்கும் அந்த ஒரு வரியே சுத்திச் சுத்தி வரும். அதுக்கப்புறம் இன்னா வரும்னு எங்க யாருக்கும் தெரியாது. இன்னிக்குத்தான் கேக்கறோம்."

டீச்சர் யோசித்தார். என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், நாங்கள் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு வந்திருக்கிறோமா என்று அம்மாவையும் பார்த்தார். "சரி, மூணு வரி உன்னுது" என்றார். பிறகு கீபோர்டை உறையில் போட்டுக்கொண்டே, "இப்போதைக்கு" என்றார்.

அந்தக் கம்பெனியில் இப்போது பாட்டு இல்லை. கயிறும் இல்லை. இசக்கி அண்ணன் மறைமலை நகரில் வேறொரு கம்பெனியில் லீடராக இருக்கிறார். அங்கேயும் ஏதாவது பிசகினால் மணிக்கட்டில் கட்டியிருக்கும் கருவி அதிரும், அவ்வளவுதானாம். அந்த ஒரு வரியைக் கேட்டு எழுந்தவர்களில் பலர் ஓய்வு பெற்றுவிட்டார்கள். சாட்சிகள் கலைந்துபோன நிலையில் முதல் வரிக்கும் நானே உரிமை கொண்டாடலாம், கேட்க ஆளில்லை. என்னை உறுத்துவது மற்ற மூன்று வரிகள். அவற்றை மட்டும் நானாகவே போட்டேன் என்பதற்கு என்னிடம் என்ன ஆதாரம் இருக்கிறது? எந்த ஊர்க் கம்பெனியில் எந்தக் கயிற்றை இழுத்தால் என் இரண்டாவது வரி ஒலித்ததோ! எழுதிப் பிழைக்கும் என்னை இப்போது அவ்வப்போது மேடைகளில் பேசக் கூப்பிடுகிறார்கள். பேசத் தொடங்குமுன் மைக்கைச் சோதிக்கிற சாக்கில் அந்த இரண்டாவது வரியை மெல்ல முனகிவிட்டுக் கடைசி வரிசையைப் பார்க்கிறேன். இதுவரை யாரும் எழுந்து நிற்கவில்லை.