மொட்டைத் தலையும் முதல் வாடிக்கையாளரும்

பால் வாங்கப் போனால் வரிசையில் எனக்கு முன்னால் நிற்பவர்கள் விலகி வழிவிடுகிறார்கள். எனக்கு எந்த அவசரமும் இல்லை, சொன்னாலும் கேட்பதில்லை. அன்றொரு நாள் முன்பின் தெரியாத ஒரு பெண்மணி என் தோளைத் தொட்டு, "உனக்காகப் பிரார்த்தனை செய்கிறேன்" என்று கண்கலங்கச் சொல்லிவிட்டுப் போனார். அமெரிக்காவில், ஒஹாயோவின் இந்தச் சின்ன ஊரில் இத்தனை வருடங்களாகக் கிடைக்காத மரியாதை என் மொட்டைத் தலைக்குக் கிடைக்கிறது. திருத்தணியில் சந்தனம் பூசிய தலையோடு மலையிலிருந்து இறங்கி வந்தபோது ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. டீக்கடைக்காரர், "சக்கர கம்மியா போடட்டுங்களா?" என்று மட்டும் கேட்டார்.

மொட்டை போட்டது என் விருப்பமல்ல. ஊரில் வாங்கிய பி.எஸ்ஸி. பட்டத்தை இங்கே யாரும் சீண்டவில்லை. கடையில் சாமான் அடுக்கும் வேலைக்குப் போய்க்கொண்டே மெடிக்கல் கோடிங் படித்தேன். டாக்டர் என்ன நோய் கண்டார், என்ன வைத்தியம் செய்தார் என்பதையெல்லாம் எண்களாக மாற்றி இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்பும் வேலை அது. எண்ணில் பிழை இருந்தால் பில் திரும்பி வந்துவிடும். தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கினால்தான் டாக்டர்கள் நம்புவார்கள். அந்த எண்களெல்லாம் உள்ள புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம் என்று சொன்னதும் பள்ளிப்பட்டுப் பக்கத்தில் கரும்பு போடும் என் நைனா போனிலேயே சிரித்தார். "பாத்து எழுதற பரீச்சையா? அதுக்கா இவ்ளோ நாளா படிச்சிகினு கீற?" முதல் தடவை ஃபெயில் ஆனேன். அதன்பின் அவர் சிரிக்கவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது, அந்த ஆத்திரத்திலேயே மறுபடியும் உட்கார்ந்து படித்தேன்.

பாஸான செய்தியைச் சொன்ன அன்று அம்மா துளியும் ஆச்சரியப்படவில்லை.

"ஆங், தெரியும். உன் முடிய முருகனுக்குத் தரேன்னு வேண்டிகினேன்."

"என்னைக் கேட்டியாம்மா? என் தலை அது."

"உன் தலைதான். நீ தரலன்னா என் முடிய தந்துட்டுப் போறேன். சாமிகிட்ட போயி மாத்தியா பேச முடியும்?"

படித்தது நான், முழித்தது நான், பெயர் வாங்கிப் போவது முருகனா என்று கோபம்தான். ஆனாலும் நாவிதர் முன்னால் அம்மா தலை குனிந்து உட்காருவதை நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஊருக்குப் போய் நானே உட்கார்ந்தேன். தண்ணீர் தெளித்து, கத்தி வைத்து, கண் மூடித் திறப்பதற்குள் இடுப்பு வரை இருந்த கூந்தல் தரையில் கிடந்தது. அழுகை வந்தது. அம்மா புடவைத் தலைப்பால் என் தலையைத் துடைத்துவிட்டு, "அழகாத்தான் கீற" என்றாள். "கிளினிக்கில் என்ன சொல்வாய்?" என்று என் கணவர் முன்பே கேட்டிருந்தார். அவர்கள் என் வேலையைத்தானே பார்க்கப் போகிறார்கள் என்று அலட்சியமாகச் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தேன்.

கிளினிக் என்றால் குடும்ப டாக்டர் ஆலனின் கிளினிக். வீட்டிலேயே ஓர் அறையில் நான் தொடங்கிய பில்லிங் தொழிலுக்கு அவர்தான் முதல் வாடிக்கையாளர் ஆவதாக இருந்தது. ஊரிலிருந்து வந்ததும் கையெழுத்துப் போடலாம் என்று சொல்லியிருந்தார். அவர் இல்லையென்றால் தொடர்ந்து சாமான் அடுக்கத்தான் போக வேண்டும்.

மொட்டைத் தலையோடு கிளினிக்குக்குப் போன என்னைப் பார்த்ததும் வரவேற்பில் இருக்கும் டெபி எழுந்து வந்து கட்டிப்பிடித்துக்கொண்டாள். டாக்டர் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகப் பேசினார். "ஒப்பந்தத்தைப் பற்றி இப்போது யோசிக்காதே. உடம்பைப் பார்த்துக்கொள். வேறு ஒரு கம்பெனியிடம் பேசிக்கொண்டிருக்கிறோம்."

அப்போதுதான் உறைத்தது. எனக்குப் புற்றுநோய் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

"முடியைக் கடவுளுக்குக் கொடுத்தேன்" என்றேன்.

"உன் நம்பிக்கை பெரியது" என்றார் அவர், இன்னும் மெதுவாக.

கெஞ்சினால் நோயாளி என்றே நினைப்பார். ஊருக்குப் போகுமுன் மாதிரிக்காக அவர் காட்டிய, இன்சூரன்ஸ் திருப்பி அனுப்பிய பில்கள் நினைவுக்கு வந்தன. "டாக்டர், நிமோனியா இருக்கலாம் என்று நீங்கள் எழுதியதற்கு நிமோனியாவின் எண்ணையே உங்கள் ஆட்கள் போட்டிருந்தார்கள். அதனால்தான் அந்த பில்கள் திரும்பி வந்தன. இங்கே வந்து பார்த்துவிட்டுப் போகும் நோயாளிக்குச் சந்தேகத்தை நோயாக எழுதக் கூடாது. உறுதியாகாத வரை இருமல் என்றால் இருமல், காய்ச்சல் என்றால் காய்ச்சல், அவ்வளவுதான். என் விஷயத்தில் உறுதியானது ஒன்றுதான், தலையில் முடி இல்லை. பரீட்சையில் நான் பாஸானால் முடியைத் தருவதாக என் அம்மா வேண்டிக்கொண்டாள். மற்றதெல்லாம் உங்கள் சந்தேகம்."

அவர் என் தலையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "பாஸானதற்கா?" என்றார். பிறகு முகம் சிவக்கச் சிரித்துவிட்டு, திரும்பி வந்த பில்களை எல்லாம் முதலில் சரிசெய்து காட்டச் சொன்னார். கணினி முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தி அனுப்பினேன். பெரும்பாலானவை ஏற்கப்பட்ட பிறகு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். சாமான் அடுக்கும் கடைக்குப் போய் வேலையை விடுவதாகச் சொன்னேன். அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்க முடியவில்லை.

டெபி மட்டும் இன்னும் முழுசாக நம்பவில்லை. கிளினிக்குக்குப் போகும்போதெல்லாம் என் தலையை உற்றுப் பார்த்து, "நன்றாக முளைக்கிறது, தைரியமாக இரு" என்கிறாள். நானும் மறுக்காமல் தலையாட்டுகிறேன். வெள்ளிக்கிழமை வீடியோவில் அம்மாவும் அதையேதான் பார்க்கிறாள்.

"குனி, பாக்கறேன். ஆங், வந்துகினு கீது. அடுத்த பரீச்சை எப்ப?"

"சொல்ல மாட்டேன்" என்கிறேன். அடுத்த சான்றிதழுக்கான புத்தகம் மேசையில்தான் இருக்கிறது.

மலையில் விழுந்த கூந்தல் முழுக்க ஒஹாயோவின் தண்ணீரில் வளர்ந்தது. இப்போது விரலில் குத்துவது திருத்தணிக் கத்தி பட்ட இடத்தில் முளைப்பது. இதில் எது எந்த ஊர் முடி? நான் எந்த ஊர்க்காரி என்று சிலர் கேட்கிறார்கள். உறுதியாகத் தெரியாததை நான் எழுதுவதில்லை.