ரேச்சலின் எட்டுப் பக்கம்

த்ரீ கிங்ஸ் சூப்பர்மார்க்கெட்டில் ஹாம் வெட்டுகிற பெண்ணை அங்கே சாமான் வாங்குகிற எல்லோருக்கும் தெரியும். வலைத் தொப்பி, தடித்த கண்ணாடி, கேட்ட நிறைக்கு ஒரு துண்டு கூடாமல் குறையாமல் வெட்டித் தருகிற கை. சட்டையில் டோறின் என்று பெயர் குத்தியிருக்கும். மன்னாரில் பதினாலு வருஷம் அவள் ஆங்கிலம் படிப்பித்தவள் என்பது கடையில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருவர், அங்கேயெல்லாம் ஆங்கிலம் இருக்கிறதா என்று கேட்டவர்.

1993இல் ஓக்லண்ட் வந்து இறங்கியபோது அவளுக்கு முப்பத்தொன்பது வயது. மறுபடி ஒரு வகுப்பறைக்குள் படிப்பிக்கப் போக வேண்டுமானால் பல்கலைக்கழகத்தில் மூன்று ஆங்கிலப் பாடங்கள் முடித்து, ஒவ்வொன்றிலும் பி எடுக்க வேண்டும் என்றார்கள். இரண்டை எடுத்துவிட்டாள். 1996இல் மூன்றாவது, அமெரிக்க நாவல். அதிலும் பி வந்தால் ஹாம் மெசினுக்கு முன்னால் நிற்கத் தேவையில்லை. வராவிட்டால் இன்னொரு வருஷம் இழுக்க ஏலாது என்று புருஷன் கிளறன்ஸ் சொல்லிவிட்டான். மவுண்ட் வெல்லிங்டன் கிடங்கொன்றில் பெட்டி அடுக்கி அவனுக்கு முதுகு போய்விட்டது.

பாடம் டோறினுக்குப் பிடித்திருந்தது. பிடிக்காதது முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ரேச்சலைத்தான்.

ரேச்சல் கிளறன்ஸின் தங்கை. 1987இல் அண்ணனோடு வந்தபோது பதினாறு வயது. எப்சத்தில் பள்ளிக்கூடம், பிறகு வங்கி வேலை, சொந்தக் கார். இந்தப் பாடத்தை அவள் எடுத்தது சும்மா, வாசிக்க ஆசையாக இருந்தது என்று. அந்தச் சும்மாவை டோறினால் மன்னிக்க முடியவில்லை. ரேச்சல் விரிவுரையாளரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். என்ன சொல்வதென்று தெரியாமலே கையை உயர்த்துவாள். பிழையாகச் சொன்னால் சிரித்துவிட்டு வேறொன்று சொல்வாள். டோறின் ஒரு வசனத்தை மனதுக்குள் மூன்று தரம் இலக்கணம் பார்த்து முடிப்பதற்குள் வகுப்பு அடுத்த அதிகாரத்துக்குப் போயிருக்கும்.

நாவல்கள் நூறு வருஷத்துக்கு முந்தியவை. பெருநகரத்து இறைச்சித் தொழிற்சாலைகள், சேரிகள், பனிக்காலம். இயற்பண்புவாதம் என்றார் விரிவுரையாளர். அந்தக் கதைகளில் மனிதர்கள் எதையும் தாங்களாகத் தீர்மானிப்பதில்லை. பசி தீர்மானிக்கும், வாடகை தீர்மானிக்கும், தகப்பன் குடித்த குடி தீர்மானிக்கும். ஒருத்தி சீரழிந்தால் அவளைக் கேட்காதே, அவள் பிறந்த தெருவைக் கேள் என்று கதை சொல்லும்.

முதல் கட்டுரையை டோறின் தனக்குத் தெரிந்த விதத்தில் எழுதினாள். விரிவுரையாளர் சொன்னதை ஒரு சொல் சிந்தாமல் பாடமாக்கி, அழகான கையெழுத்தில் அவருக்கே திருப்பிக் கொடுத்தாள். மன்னாரில் அது ஆசிரியருக்குச் செய்கிற மரியாதை. அப்படி எழுதிய பிள்ளைகளுக்குத்தான் அவளும் எண்பதுக்கு மேல் போட்டிருக்கிறாள். திரும்பி வந்த தாளில் சி என்றிருந்தது. கீழே, இவை என்னுடைய சொற்கள், உங்களுடையவை எங்கே என்று ஒரு கேள்வி. ரேச்சலுக்கு ஏ.

அன்றிலிருந்து ரேச்சலின் எதைப் பார்த்தாலும் டோறினுக்கு வயிறு எரிந்தது. அவள் தலைமயிர் வெட்டியிருந்த விதம்கூட.

இரண்டாவது கட்டுரைக்குத்தான் புள்ளி அதிகம்; அதில் பி வந்தால் பாடத்துக்கும் பி வந்துவிடும். அந்த நாவல்களின் மனிதர்கள் எதையாவது தாங்களே தெரிவு செய்கிறார்களா என்பது கேள்வி. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் துறை வாசலில் இருக்கும் பெட்டியில் போட வேண்டும். ரேச்சலுக்கு அன்று ஹமில்ரனில் வேலை. முதல்நாளே வந்து, ஒட்டாத உறையொன்றைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

"மச்சாள், இதையும் போட்டுவிடுங்கோ. நீங்கள் எப்படியும் போறீங்கள்தானே."

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் டோறின் உறையைத் திறந்தாள். எட்டுப் பக்கம். ஐந்தாம் பக்கத்தில், எங்கள் குடும்பத்தில் ஒரு பெண் இருக்கிறாள் என்று ஒரு பந்தி தொடங்கியது. ஆசிரியையாக இருந்தவள். விசா மறுக்கப்பட்டதால் புருஷனிடம் வந்து சேர முடியாமல் போனவள். யுத்தம் அவளுடைய பள்ளிக்கூடத்தை எடுத்துக்கொண்டது. இன்று இறைச்சி வெட்டுகிறாள். இதில் ஒன்றைக்கூட அவள் தெரிவு செய்யவில்லை.

தன்னைப் பற்றி எழுதிவிட்டாளே என்றல்ல, இவ்வளவு நன்றாக எழுதிவிட்டாளே என்றுதான் டோறினுக்கு முகம் சுட்டது. அவளும் இந்தத் தடவை தன் சொற்களில்தான் எழுதியிருந்தாள். ஆனால் அதில் உயிருள்ள ஆள் ஒருவரும் இல்லை. டோறினிடம் இருந்த ஒரே ஆளை, அவளையே, ரேச்சல் எடுத்துக்கொண்டுவிட்டாள்.

பெட்டிக்கு முன்னால் வந்து நின்றபோது மூன்றரை. மழை. தன்னுடையதைப் போட்டாள். மற்றது பையில் இருந்தது. பஸ் பிந்தியது, மறந்துபோனேன், எது சொன்னாலும் நம்புவார்கள். பாவம் மச்சாள், அவவுக்கு எத்தனை யோசனை என்பார்கள். வேலைக்களைப்பு, பட்டபாடு, எல்லாம் அவளுக்காகச் சாட்சி சொல்லும். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, ஐந்தாம் பக்கத்துப் பெண் செய்யக்கூடியதும் அதுதான். உறையைத் திருப்பிக் கொண்டுபோனால் ரேச்சல் எழுதியது சரியாகிவிடும். அதைவிடக் கேவலம் இல்லை.

அதோடு, அந்தப் பந்தியே பிழை. விசா மறுக்கப்படவில்லை. 1988இல் விசா கிடைத்துவிட்டதென்று கடிதம் வந்தது. அதே கிழமைதான் அவளைப் பள்ளிக்கூடத்தின் அடுத்த உப அதிபராகப் போடுவதாகச் சொன்னார்கள். கடிதத்தை உடுப்புப் பெட்டிக்கடியில் வைத்துவிட்டு, கிடைக்கவில்லை என்று கிளறன்ஸுக்கு எழுதினாள். இரண்டு வருஷத்தில் அந்த உப அதிபர் கதிரையும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை, மடு அகதிமுகாம்தான். மறுபடி விண்ணப்பித்து இங்கே வந்த பிறகு எல்லோரும் பரிதாபப்பட்டார்கள். அது வசதியாக இருந்தது, விட்டுவிட்டாள்.

பென்சிலை எடுத்தாள். பிழை திருத்திப் பழகிய கை. அந்த வரியின் ஓரத்தில் ஆங்கிலத்தில் எழுதினாள்: விசா கிடைத்தது. அவள்தான் வரவில்லை. அவளுக்கு உப அதிபர் கதிரை வேண்டியிருந்தது. பிறகு உறையைப் பெட்டிக்குள் போட்டாள்.

மூன்று கிழமை கழித்து வகுப்பு முடிவில் கட்டுரைகளைக் கொடுத்தார்கள். டோறின் தன்னுடையதைத் திருப்பிப் பார்க்காமல், ரேச்சலின் கையில் இருந்ததை எட்டிப் பார்த்தாள். ஏ பிளஸ். ஐந்தாம் பக்கத்தில் பென்சில் எழுத்துக்குப் பக்கத்தில் பெரிய சரி அடையாளமும், தன் வாதத்தையே இப்படிக் கேள்வி கேட்பதுதான் இந்தக் கட்டுரையின் சிறப்பு என்று ஒரு குறிப்பும். பிறகுதான் தன்னுடையதைத் திறந்தாள். பி. வேண்டியிருந்தது அவ்வளவுதான். வேண்டியது கிடைத்த சந்தோஷம் வரவில்லை.

நடைபாதையில் ரேச்சல் அவளைச் சுவரோரமாக நிறுத்தினாள்.

"இது உங்கட எழுத்து, மச்சாள்."

டோறின் ஓம் என்றாள்.

"உண்மையோ?"

"ஓம்."

ரேச்சல் பென்சில் வரியை மறுபடி வாசித்தாள். முகம் வெளிறியிருந்தது.

"அண்ணாவுக்குத் தெரியாதுதானே. நான் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன். இந்தப் பக்கத்தைக் கிழிச்சுப் போடுறன்."

"கிழிக்காதை," என்றாள் டோறின். "உன்ர அண்ணனுக்கு நானே சொல்லுறன். நீ அவரிட்ட வந்து சொல்லு, அந்த வரி மச்சாளின்ர எண்டு."

"ஆரிட்ட?"

டோறின் ரேச்சலின் கையிலிருந்து ஐந்தாம் பக்கத்தை வாங்கிக்கொண்டு, இரண்டு கதவு தள்ளியிருந்த விரிவுரையாளரின் அறைக்குப் போய்க் கதவைத் தட்டினாள்.