நிறுத்துவதற்குச் சம்பளம்

தடக்... தடக்... தடக்... காசிமேட்டுக்குத் திரும்பும் முனையிலேயே அந்தச் சத்தம் காதில் விழுந்துவிடும். கட்டடம் தெரியாது, கேட் தெரியாது, வாசலில் நிற்கும் மீன்பாடி வண்டிகள்கூடத் தெரியாது. அதற்கு முன்னாலேயே எங்கள் ஐஸ் பிளான்டின் கம்ப்ரசர் கூப்பிடும். சைக்கிளை மிதித்துக்கொண்டே கேட்பேன்: இரண்டு மெஷினும் ஓடுகிறதா, ஒன்றுக்கு மட்டும் இருமலா?

ஐஸ் செய்வது எங்கள் தொழில். செய்யாமல் நிறுத்துவது என் வேலை. சிரிக்காதீர்கள், அதற்குத்தான் சம்பளம் வாங்கினேன். இரண்டாயிரங்களின் கடைசியில் மின்தட்டுப்பாடு வந்தபோது எங்களைப் போன்ற பெரிய இணைப்புக்காரர்களுக்கு ஒரு கட்டுப்பாடு போட்டார்கள். ஊர் முழுக்க விளக்குப் போடும் நேரமான மாலை ஆறிலிருந்து பத்து வரை நாங்கள் பெரிய மோட்டார் எதையும் ஓட்டக்கூடாது. லைட்டும், பக்கத்து மீன் கிடங்கின் ஃபேனும் ஓடுகிற அளவுக்குத்தான் அனுமதி. மீறினால் அபராதம், மறுபடி மீறினால் லைன் துண்டிப்பு. அந்த நாலு மணி நேரத்தைக் காவல் காத்துவிட்டு, பத்து மணிக்கு மெஷினைப் போட்டு, விடியும்வரை ஓட்டுகிற ஆள் நான். படிப்பு எட்டாவது. மீதியைப் பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய மோட்டார் புத்தகங்களில் படித்தேன். ஊர் தூங்கும்போது விழித்திருந்து, ஊர் விழிக்கும்போது தூக்கம் வராமல் புரளும் என் இனத்தவர்களே, உங்களிடம் சொன்னால்தான் இது புரியும்.

டிமாண்டைக் குறைக்கவும்

எத்தனை மோட்டார் ஓடுகிறதோ அத்தனை கரெண்ட்டை ஒரே சமயத்தில் இழுக்கிறோம் இல்லையா, அந்த இழுப்புக்கு எங்கள் பாஷையில் டிமாண்ட் என்று பெயர். கட்டுப்பாடு வந்த முதல் நாள் கரும்பலகையில் அழகாக எழுதினேன்: “மாலை 6 முதல் 10 வரை அனைவரும் டிமாண்டைக் குறைக்கவும் – நிர்வாகம்.” ஐஸ் சுமக்கும் தொழிலாளர் சங்கம் கையுறை, ரப்பர் பூட்ஸ், போனஸ் என்று கோரிக்கைப் பட்டியல் கொடுத்து சரியாக ஒரு வாரம் ஆகியிருந்தது. அதற்கும் டிமாண்ட் என்றுதான் பெயர் என்பது எனக்குச் சுத்தமாக மறந்துபோனது.

ஆறு மணிக்கு அத்தனை பேரும் கேட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். சங்கச் செயலாளர் தனசேகர் என் தோஸ்துதான். அன்று மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கரெண்ட், மீட்டர், சராசரி என்று நான் தொண்டை வறளச் சொல்லி முடித்தபோது மணி பத்து. நாலு மணி நேரம் ஒரு ஸ்விட்ச்கூடப் போடப்படவில்லை. மீட்டர் அவ்வளவு குறைவாகக் காட்டி அதற்கு முன்பும் நான் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. தனசேகர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, இன்னும் முழுசாக நம்பாமல் கேட்டான்:

“இன்னா மாமு, குறைக்கணும்னா சொல்லு. ஒரு கால் பூட்ஸ் மட்டும் போதும்னு எழுதிக் குடுத்துடட்டா?”

நல்ல புத்தகம்

அந்த மீட்டர் கொஞ்சம் பெரிய மனசுக்காரர். ஒரு நொடி தப்பு செய்தால் கோபித்துக்கொள்ள மாட்டார். அரை மணிக்கு ஒருமுறை சராசரி எடுப்பார். முதல் ஐந்து நிமிஷம் ஆடிவிட்டால், மிச்ச இருபத்தைந்து நிமிஷம் அடங்கிக் கிடந்து ஈடுகட்டிக்கொள்ளலாம். குடும்பத்தில் இந்த வசதி கிடையாது.

ஒரு நாள் மேல்தொட்டியில் தண்ணீர் இல்லை. இரண்டே நிமிஷம் என்று பெரிய பம்பைப் போட்டேன். கையில் இருந்த புத்தகத்தில் அந்தப் பக்கம் முடிவதற்குள் அணைத்துவிடலாம் என்று கணக்கு. அது நல்ல புத்தகமாக இருந்து தொலைத்தது. அரை மணி முடிந்தபோது எண் அனுமதிக் கோட்டைத் தாண்டி நின்றது. அடுத்த மாதம் நோட்டீஸ் வந்தது. முதலாளி காதர் பாய் ராயபுரத்துக்காரர், யாரிடமும் உரக்கப் பேசாதவர். அபராதத்தைக் கட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

“தயாளா, இன்னொரு தபா அந்த நம்பரு கோட்டைத் தாண்டுச்சுன்னா, நீ கேட்டைத் தாண்டிடு.”

நாறாத சரக்கு

பத்து மணிக்கு மேல் எவ்வளவு ஓட்டினாலும் எங்களுக்கு ஒதுக்கிய கரெண்ட் போதவில்லை. அப்போதுதான் கரெண்ட்டைச் சந்தையில் வாங்கலாம் என்று புதிதாக ஒரு வழி திறந்திருந்தது. அதை விளக்க, டை கட்டிய தரகர் ஒருவர் லேப்டாப்போடு வந்தார். “ஒவ்வொரு மணி நேரத்துக்கும் தனித்தனி விலை சார். நாளைக்கு வேண்டியதுக்கு இன்னிக்கே விலை கேட்கணும். விற்கிறவங்க, வாங்குறவங்க எல்லாரோட விலையும் சேர்ந்து ஒரு இடத்துல நிற்கும்.” பாய் தலையாட்டினார். எனக்குப் பாதி புரிந்தது.

ஐஸுக்காக ஓரமாகக் காத்திருந்த கஸ்தூரியக்காவுக்கு முழுசாகப் புரிந்தது. காசிமேட்டில் மீன் ஏலம் கூவுகிற அக்கா அவர். குரல் எழுந்தால் கடல் பறவை ஒதுங்கும். “அப்ப ஏலம்னு சொல்லேன், அதுக்கு எதுக்கு டை?” என்று நேராகத் தரகரிடமே வந்துவிட்டார்.

“சரக்கு எங்க கீது?”

“கண்ணால பார்க்க முடியாதும்மா.”

“சரி, நாறுமா?”

“நாறாது.”

“வெல ஏறட்டும்னு கொஞ்ச நேரம் வெச்சிருந்து அப்பால விக்கலாமா?”

“முடியாதும்மா. உண்டாகிற அந்த நிமிஷமே யாராவது செலவு பண்ணியாகணும்.”

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். பார்வையில் உண்மையான பரிதாபம்.

“அய்ய, இத்தயா வாங்குறீங்கோ? எங்க மத்தி மத்தியானம் வரைக்குமாச்சும் தாங்குமே!”

கடல்

மெஷின் நின்ற அந்த நாலு மணி நேரத்தில் ஐஸுக்கு ஒன்றும் ஆகாது. தொட்டியில் இருக்கும் உப்புத்தண்ணீர் குளிரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மனுஷனுக்குத்தான் கஷ்டம். சத்தம் நின்றவுடன், இத்தனை வருஷமும் சத்தத்துக்குப் பயந்து ஒளிந்திருந்த யோசனைகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். படித்திருந்தால் என்ன ஆகியிருப்பேன், இந்த வயதுக்கு எங்கே இருந்திருப்பேன் என்று.

அப்படி ஒரு மாலை. விட்டுவிட்டு ஒரு மெல்லிய இரைச்சல் கேட்டது. பதினாறு வருஷமாகக் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் வேலை பார்க்கிறேன், அன்றுதான் முதல்முறையாக அதன் குரலைக் கேட்கிறேன் என்று தோன்றியது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. பக்கத்தில் பீடி பிடித்துக்கொண்டிருந்த தனசேகரின் தோளைத் தொட்டு, “கேளு, கடலு எப்படிப் பேசுது பாரு” என்றேன். அவன் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டான்.

“கடலு இல்ல மாமு, பின்னாடி பைப்பு ஒழுவுது. போய் வால்வை மூடு.”

எர்ணாவூர் பீக் அவர்

ஆறிலிருந்து பத்து வரைக்கும் ‘பீக் அவர்’ என்று பெயர். ஒரு விஷயத்தைத் தானாகப் படித்துத் தெரிந்துகொண்டவனுக்கு ஒரு வியாதி உண்டு; அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்காமல் இருக்க முடியாது. எர்ணாவூரில் எங்கள் வீட்டிலும் ஆரம்பித்தேன். “பீக் அவர்ல கிரைண்டர் போடாத, பகல்ல ஆட்டி வெச்சிடு. அயர்ன் பாக்ஸைத் தொடாத.” என் மனைவி பகலில் கிரைண்டரைப் போட்டாள். நான் தூங்குகிற அறைக்கும் கிரைண்டருக்கும் நடுவில் ஒரு புடவைத் திரைதான் மறைப்பு. எழுந்து கத்தினேன். மாவு வழித்த கையோடு திரையை விலக்கிப் பார்த்தாள்.

“உனுக்கு நாலு மணி நேரந்தான் பீக் அவரு. எனக்குக் காலைல அடுப்பு பத்தவெச்சதுல இருந்து பீக் அவருதான்யா. எத்த நிறுத்தட்டும், நீயே சொல்லு.”

வாங்காதவனுக்கு ஏலம்

ஒரு நாள் காற்று எச்சரிக்கை வந்தது. விடியற்காலை திரும்ப வேண்டிய படகுகளெல்லாம் மாலையே மொத்தமாகக் கரைக்கு வந்துவிட்டன. ஆறரை மணிக்கு எங்கள் கேட்டில் மீன்பாடி வண்டி, ஆட்டோ, வேன், கூடையோடு பெண்கள் என்று ஒரே கூட்டம். ஐஸ் இருந்தது, ஐஸ் கிடங்கில் நீளக் கட்டிகளாக, பார் பாராக அடுக்கி வைத்திருந்தோம். ஆனால் மீனுக்கு முழு பார் உதவாது, நொறுக்கித்தான் கொடுக்க வேண்டும். நொறுக்கும் கிரஷரின் மோட்டார் எங்களிடம் இருப்பதிலேயே முரட்டு மோட்டார்.

நான் கழிப்பறையில் இருந்தேன். உள்ளேயே கேட்டது, கர்ர்ர் என்று. ஓடிவந்து ஸ்விட்சை அடிப்பதற்குள் நாலு நிமிஷம் போய்விட்டது. கூட்டத்தின் நெருக்குதல் தாங்காமல் போட்டவன் தனசேகர்தான். மீட்டரைப் பார்த்தேன். அரை மணி முடிய இன்னும் இருபத்திரண்டு நிமிஷம் இருந்தது. எண் இப்போதே கோட்டை முட்டிக்கொண்டிருந்தது. மீன் கிடங்கு ஃபேன்களை அணைத்தேன், போதவில்லை. லைட்டையும் அணைத்தேன். மொத்த பிளான்டும் இருட்டானது. இருட்டில் எனக்கு வந்த திட்டுகளை எழுத இந்தத் தாள் தாங்காது.

“போடுய்யா மிஷினை! மீனு கெடுது!” என்று நாலு பேர் கேட்டைக் குலுக்கினார்கள். என் கை ஸ்விட்ச்சின் மேல் இருந்தது. போட்டால் லைன் போகும், என் வேலையும் போகும். போடாவிட்டால் அத்தனை பேருடைய உழைப்பும் நாறும். ஆட்டோக்காரர்கள் ஹெட்லைட்டைப் போட்டார்கள். அந்த வெளிச்சத்தில் கஸ்தூரியக்கா ஐஸ் இறக்கும் மேடையில் ஏறிவிட்டது தெரிந்தது.

“நைனா, கையால எவ்ளோ ஒடப்பீங்கோ?”

“மரக்கட்டையால அடிச்சா மூணு வண்டியில ஒரு வண்டிக்குக் குடுக்கலாம்” என்றேன்.

“அப்ப ரெண்டு வண்டிக்காரன் பத்து மணி வரைக்கும் பொறுக்கணும். அவ்ளோதானே? இதுக்கா பேஜாரு பண்ணிகினு கீறீங்கோ?”

முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஆரம்பித்தார். “பத்து மணிக்கு வாங்கிக்கறவனுக்குப் பாருக்கு அஞ்சு ரூபா தள்ளுபடி! அஞ்சு... அஞ்சு...” யாரும் அசையவில்லை. “பத்து!” ஒரு கை எழுந்தது. “பதினஞ்சு!” வஞ்சிரம் வைத்திருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் பெட்டியில் படகு ஐஸே பாதி மிச்சம் இருந்தது. “இருபது! டீ குடிச்சிட்டு வர இருபது ரூபா, வேற எவன் குடுப்பான்?” வரிசையாக வண்டிகள் பின்னால் நகர்ந்தன. தினமும் வாங்குகிறவனைத் தேடிக் கூவுகிறவர், அன்று வாங்காமல் இருக்கிறவனைத் தேடிக் கூவினார். நெத்திலியும் மத்தியும் வைத்திருந்த பெண்கள் முன்னால் வந்தார்கள். அவர்களால்தான் காத்திருக்க முடியாது. தனசேகரும் ஆட்களும் மரக்கட்டையை எடுத்து இருட்டில் அடிக்கத் தொடங்கினார்கள்.

ஏழு மணிக்கு மீட்டர் அரை மணியை முடித்தது. எண் கோட்டுக்கு ஒரு மயிரிழை கீழே நின்றது. லைட்டைப் போட்டேன். வெளிச்சத்தில் முதலில் தெரிந்தது காதர் பாயின் முகம்.

“ஏன்டா இருட்டு? தள்ளுபடின்னு யாரோ கூவுறாங்களே, என்னது?” என்றார். சொன்னேன். கண்ணாடியைக் கழற்றினார். “குடுக்காத ஐஸுக்கு நான் காசு குடுக்கணுமா?”

“ஆமா பாய்” என்றார் கஸ்தூரியக்கா, மேடையிலிருந்து இறங்காமலே. “லைன் போச்சுன்னா குடுக்குறதுக்கும் ஐஸ் இருக்காது. பொறுத்துக்கினவனுக்குக் குடு. பொறும இன்னா, சும்மாவா வருது?”

பாய் மீட்டரைப் போய்ப் பார்த்தார். குனிந்து, திரும்ப ஒருமுறை பார்த்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். நான் என் டிபன் பாக்ஸ் எங்கே இருக்கிறது என்று தேட ஆரம்பித்திருந்தேன்.

“அடுத்த தபா ஏலம் போடும்போது என்னையும் கூப்பிடுங்க. நானும் பொறுத்துக்கறேன், எனக்கும் இருபது ரூபா வரட்டும்.”

கரெண்ட்டை உண்டாக்குகிறவருக்கு ஒரு பெயர், விற்கிறவருக்கு ஒரு பெயர், டை கட்டித் தரகு பேசுகிறவருக்கு ஒரு பெயர் இருக்கிற இந்த உலகத்தில், வேண்டாம் என்று சொல்லிவிட்டு நிற்கிறவருக்கு மட்டும் இன்னும் பெயர் வைக்கவில்லையே என்று நினைத்துக்கொண்டு, அவர் சொன்ன ‘அடுத்த தபா’வை மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு, காலியான ஐஸ் கேன்களுக்குத் தண்ணீர் பிடிக்கப் போனேன்.