கேட்கத் தெரியாத வீடு

எங்கள் வீட்டில் கறிவேப்பிலை தீர்ந்துவிட்டால் அன்றைக்குத் தாளிதத்தில் கறிவேப்பிலை இருக்காது, அவ்வளவுதான். கரமனையில் நாங்கள் குடியிருந்த தெருவில் ஐந்தாறு வீடுகளில் மரமே நின்றது. கேட்டிருந்தால் கிளையோடு ஒடித்துத் தந்திருப்பார்கள். அம்மா விடமாட்டாள். "யாருகிட்டயும் போயி கை நீட்டப்பிடாது மக்ளே. இல்லன்னா இல்லன்னு இரி" என்பாள். அவள் சிறுமியாக இருந்தபோது சொந்தக்காரர் வீட்டுக்குக் காப்பித்தூள் கேட்கப் போயிருக்கிறாள். வாசலிலேயே வெகுநேரம் நிறுத்திவைத்து, வெறும் டம்ளரோடு திருப்பி அனுப்பிவிட்டார்களாம். பத்து வயதில் பட்ட வெட்கத்தை எண்பது வயதுவரை பத்திரமாக வைத்திருந்தாள். எனக்குக் கல்யாணம் ஆனபோது நகையோடு அதையும் சேர்த்துத்தான் அனுப்பினாள்.

நானும் நன்றாகவே காப்பாற்றினேன். மத்திய அரசு அலுவலகத்தில் வேலை பார்த்த காலம் முழுக்க என் மேஜையில் மட்டும் இரண்டு ஸ்டேப்லர் இருக்கும். ஒன்று பழுதானால் பக்கத்து மேஜையில் கேட்க வேண்டி வருமே! காய்ச்சலோடு ஃபைல் பார்த்திருக்கிறேன். "அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். நீ பசிச்சாலும் சிரிச்சிட்டு இருப்ப" என்று என் கணவர் கேலி செய்வார். அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

எங்களுக்கு ஒரே மகன். புனேயில் வேலை. ஞாயிறுதோறும் கூப்பிடுவான். "எல்லாம் ஓகேம்மா" என்பான். "இங்கயும் ஓகே" என்பேன். நல்லபடியாக வளர்த்திருக்கிறேன் என்று எனக்குப் பெருமை.

நான் ஓய்வு பெற்று மூன்று ஆண்டுகள் கழித்து வந்த ஆற்றுக்கால் அம்மன் கோயில் பொங்காலை அன்றுதான் எல்லாம் தலைகீழானது. அந்த நாளில் எங்கள் பகுதித் தெருக்களில் வண்டி ஓடாது. எங்கெங்கிருந்தோ பெண்கள் வந்து, செங்கல் மூன்றை அடுக்கி, பானை வைத்துப் பொங்குவார்கள். எங்கள் கேட்டை ஒட்டி அடுப்பு வைத்திருந்தவள் வித்துரா என்ற மலையோர ஊரிலிருந்து வந்தவள், நாற்பது வயது இருக்கும். காலை ஆறு மணியிலிருந்து சேச்சீ சேச்சீ என்று மலையாளத்தில் அக்கா முறை சொல்லி ஓயாமல் கேட்டுக்கொண்டே இருந்தாள். "சேச்சீ, இச்சிரி வெள்ளம் தருமோ?" "சேச்சீ, பாத்ரூமில் ஒண்ணு பொய்க்கோட்டே?" "சேச்சீ, ஒரு கத்தி?" தண்ணீர் கொடுத்தேன், பாத்ரூமுக்குப் போக விட்டேன், கத்தியும் கொடுத்தேன். ஆனால் உள்ளே வந்து, "கொஞ்சம்கூடக் கூச்சமே இல்லையே இவளுக்கு" என்று கணவரிடம் முணுமுணுத்தேன்.

அவர் சாய்வு நாற்காலியில் வேர்த்து வழிய உட்கார்ந்திருந்தார். "நெஞ்சு ஒரு மாதிரி அடைக்குது" என்றார்.

கார் ஷெட்டில் இருந்தது. ஓட்ட எனக்குத் தெரியாது, தெரிந்திருந்தாலும் வெளியே இறக்கியிருக்க முடியாது. வாசல் முதல் பெரிய ரோடு வரை அடுப்பும் புகையும்தான். பொங்காலை அன்று ஆம்புலன்ஸ் அங்கேதான் நிற்கும். கேட்டுக்கு ஓடினேன். என் முகத்தைப் பார்த்ததும் அந்த வித்துராக்காரி எழுந்தாள். "எந்தா சேச்சீ, எந்தெங்கிலும் வேணோ?"

"ஒண்ணும் வேண்டாம்" என்றேன்.

இதை எழுதும்போதும் எனக்கு என் மேல் கோபம் வருகிறது. புருஷன் உள்ளே மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கிறார், நான் வாசலில் நின்று ஒன்றும் வேண்டாம் என்கிறேன்! நான் யோசித்துச் சொன்ன வார்த்தை இல்லை அது. என் வாய் தானாகச் சொன்னது. திரும்பி உள்ளே போய், அவரைத் தோளில் சாய்த்து நடத்திவிடலாம் என்று தூக்கிப் பார்த்தேன். இரண்டடிகூட வைக்க முடியவில்லை. அவர் உதடு வெளுத்திருந்தது. மறுபடி வாசலுக்கு ஓடி வந்தேன்.

"எனக்கு உதவி வேணும்" என்றேன். பிறகு அழுதுவிட்டேன். அழுதுகொண்டே உள்ளே இருந்தவரையும் பெரிய ரோட்டையும் கைகாட்டினேன்.

தீ மூட்டிய பொங்காலை அடுப்பைப் படையல் முடியும்வரை யாரும் அசைக்க மாட்டார்கள். வருடம் முழுக்க நேர்ந்துகொண்டு, நோன்பிருந்து வந்து மூட்டும் தீ. அவள் தன் அடுப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அம்ம பொறுத்தோளும்" என்றாள், அம்மன் பொறுத்துக்கொள்வாள் என்று. கொள்ளிகளை வெளியே இழுத்துவிட்டு, ஈரத்துண்டைச் சுற்றி, கொதிக்கிற பானையைத் தூக்கி மதிலோரம் வைத்தாள். அடுத்த பெண்ணிடம் மலையாளத்தில் ஏதோ கத்தினாள். அவளும் தூக்கினாள். அதற்கடுத்தவளும் தூக்கினாள். என் கண்முன்னே, பெரிய ரோடு வரைக்கும் தெருவின் நடுவில் ஒரு வழி திறந்தது. நான்கு பெண்கள் அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, அதோடு தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வீட்டைப் பூட்டக்கூட நினைவில்லாமல் நான் பின்னால் ஓடினேன்.

சரியான நேரத்துக்கு வந்தீர்கள் என்றார் டாக்டர். சாயங்காலம் மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். கதவு சாத்தியிருந்தது. தரை துடைத்திருந்தது. நான் இரவல் கொடுத்த கத்தி கழுவிய பாத்திரங்களோடு இருந்தது. சாப்பாட்டு மேஜையில் வாழையிலை மூடிய தூக்குச்சட்டியில் பொங்கல். அவள் பெயரைக்கூட நான் கேட்டிருக்கவில்லை. அந்தப் பொங்கலை நின்றபடியே, கையால் அள்ளித் தின்றேன். அவ்வளவு நன்றி என் வாழ்நாளில் யாரிடமும் எனக்குத் தோன்றியதில்லை.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். என்னுடையது அறுபத்து மூன்று வயது மட்டும்தான். அன்று மகனைக் கூப்பிட்டபோது, "நீ வேலையப் பாரு, நான் சமாளிச்சுக்குவேன்" என்ற வாக்கியம் வழக்கம்போல நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு, "பயமா இருக்குடா. நீ வா" என்றேன். 

மறுநாள் வந்துவிட்டான். அப்பாவை வார்டுக்கு மாற்றும்வரை என்கூடவே இருந்தான். நான்காம் நாள் கேன்டீனில் எதிரே உட்கார்ந்து இட்லியைப் பிட்டுப் பிட்டு வைத்துக்கொண்டிருந்தான், ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. பிறகு தலை நிமிராமல் சொன்னான்.

"அம்மா, எனக்கு ஆறு மாசமா தூக்கமே இல்ல. என்னென்னமோ தோணுது. இருக்கவே வேண்டாம்னுகூட. ஒரு டாக்டரப் பாக்கணும். நீ கூட வருவியா?"

அப்படியானால் ஞாயிறுதோறும் நான் கேட்ட ஓகே எல்லாம் என்ன?  அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இப்பவே போவோம், எந்திரி" என்றேன்.

அது நடந்து இரண்டு வருடமாகிறது. இப்போது நன்றாகத் தூங்குகிறான். தூங்காத நாளில் கூப்பிட்டுச் சொல்கிறான். அந்த வித்துராக்காரிக்கு ஒரு அடுப்பை நகர்த்தியது மட்டும்தான் தெரியும். அதனால் என் வீட்டில் பிழைத்தவர்கள் இரண்டு பேர்.